அமெரிக்காவில் மதமும் அரசியலும்: சரித்திராசிரியர்கள் கண்டதும் காணாததும்

அமெரிக்க ஐக்கிய நாடுகளின் கல்லூரிகளில் பாடமாக வைக்கப்படும் தேச சரித்திர நூல்களில் ஏதேனும் ஒன்றை எடுத்து முதலிலிருந்து படித்துக்கொண்டு போகிறவர், பதினேழாம் நூற்றாண்டில் மாஸச்சூஸெட்ஸ் கரையில் வந்திறங்கிய பியூரிட்டன்களைப் பற்றியும், அதற்கடுத்த நூற்றாண்டின் நடுவில் குடியேற்றங்கள் முழுவதையும் உலுக்கிய சமய எழுச்சியைப் பற்றியும், அடிமைத்தனத்தை ஒழிக்க வேதாகமத்தையே ஆயுதமாக ஏந்திய போதகர்களைப் பற்றியும் விரிவாக அறிந்துகொண்டு, உள்நாட்டு யுத்தம் முடிந்த 1865-ஆம் ஆண்டுக்கு வந்து சேர்ந்ததும், அதுகாறும் கதையின் மையத்தில் நின்ற மதம் சட்டென்று மறைந்துவிடுவதைக் காண்பார். அதன் பின்னர் ரயில் பாதைகளும், எஃகு ஆலைகளும், தொழிற்சங்கங்களும், இரண்டு உலக யுத்தங்களும் பக்கங்களை நிரப்புகின்றன. மதமோ இருபதுகளில் ஒரு வழக்கு மன்றத்திலும், அறுபதுகளில் ஓர் ஊர்வலத்திலும், எண்பதுகளின் தொடக்கத்தில் ஒரு தேர்தல் மேடையிலுமாக எதிர்பாராமல் எழுந்து, எழுந்த காரணமும் அடங்கிய காரணமும் சொல்லப்படாமலே மறைகிறது. யேல் பல்கலைக்கழகத்துச் சரித்திராசிரியர் ஜான் பட்லர் 2004-ல் எழுதிய ஒரு கட்டுரையில், மூடியைத் திறந்தால் துள்ளி எழும் பெட்டிப் பொம்மையைப் போலத்தான் தம் சகாக்கள் நவீன காலத்து மதத்தை நடத்துகிறார்கள் என்று குறை கூறினார். அந்தக் குறையிலிருந்து தொடங்கினால், அமெரிக்க சரித்திரத்தில் மதமும் கலாசாரமும் அரசியலும் ஒன்றையொன்று எவ்வாறு உருவாக்கின என்ற பெரிய வினாவுக்குள் நுழைவது சுலபமாகும்.

குறை நேர்ந்ததற்கு ஒரு சித்தாந்தமும் ஒரு கல்வி ஏற்பாடும் சேர்ந்தே காரணமாயின. விஞ்ஞானமும் நகர வாழ்க்கையும் பெருகப் பெருக மத நம்பிக்கை தேய்ந்துபோகும் என்பது ஐரோப்பிய சமூக சாஸ்திரிகள் வகுத்த கொள்கை. அதை மறுக்க முடியாத விதியென்று ஏற்றுக்கொண்ட தலைமுறையினருக்கு, இருபதாம் நூற்றாண்டில் மதத்தை ஆராய்வது அணைந்துகொண்டிருக்கும் விளக்கை ஆராய்வதாகவே தோன்றியிருக்க வேண்டும். கல்வி ஏற்பாட்டைச் சொல்வதானால், திருச்சபைகளின் சரித்திரம் போதகர்களைப் பயிற்றும் இறையியல் கல்லூரிகளில் கற்பிக்கப்பட்டது. அரசியல் சரித்திரம் வேறொரு கட்டடத்தில் வேறொரு கூட்டத்தாரால் எழுதப்பட்டது. 1972-ல் வெளிவந்த சிட்னி ஆல்ஸ்ட்ராமின் அமெரிக்க மத சரித்திரம் ஆயிரம் பக்கங்களுக்கு மேல் விரிந்த மகத்தான உழைப்புத்தான். ஆயினும் தேர்தல் சரித்திரம் எழுதியவர்கள் அதைத் தம் மேஜையில் வைத்துக்கொண்டு எழுதியதாகத் தெரியவில்லை. ரிச்சர்ட் ஹாஃப்ஸ்டாட்டர் போன்ற பெரும் புலமையாளர்கூட, 1963-ல் வெளிவந்த தம் புகழ்பெற்ற நூலில், சுவிசேஷ சபைகளை அறிவுக்கு எதிரான உணர்ச்சியின் ஊற்றுக்கண்ணாகக் கண்டாரேயன்றி, அச்சபைகளுக்குள் இருந்து உலகம் எப்படித் தெரிந்தது என்று கேட்கவில்லை. மதம் தேயும் என்று அறுபதுகளில் வாதித்த சமூக சாஸ்திரி பீட்டர் பெர்கர் 1999-ல் அக்கொள்கையைத் தாமே கைவிட்டார். பத்தாண்டு கழித்து, 2009-ல், அமெரிக்க சரித்திர சங்கத்து உறுப்பினர்கள் தம் சிறப்பு ஆராய்ச்சித் துறையாகக் குறிப்பிட்ட பொருள்களில் மதமே முதலிடம் பெற்றது.

இந்தப் பெருக்கத்தில் விளைந்த நூல்கள் பலவற்றையும் ஒருங்கே வைத்து நோக்கும்போது, அவற்றில் நிலைத்து நிற்கக்கூடியவை எவை என்பதற்கு ஓர் அளவுகோல் புலப்படுகிறது. பிரசங்க பீடத்தில் சொல்லப்பட்டதையும் வாக்குச் சாவடியில் நடந்ததையும் அருகருகே வைத்து, முன்னது பின்னதற்குக் காரணம் என்று முடிவு கட்டுகிற நூல்கள் விரைவில் பழசாகிவிடுகின்றன. மதம் என்பது பணத்துக்கோ நிறவெறிக்கோ போர்த்தப்பட்ட ஆடை என்று அடித்துப் பேசுகிற நூல்களும் அப்படியே. பள்ளிக்கூடம், வரி இலாகா, நியாயஸ்தலம், வானொலி நிலையம், அறக்கட்டளைச் சட்டம் என்று, நம்பிக்கைக்கும் ஆட்சிக்கும் நடுவே நின்று இரண்டையும் ஒன்றோடொன்று பேசவைத்த ஸ்தாபனங்களைத் தேடிச்சென்று, அவற்றின் தஸ்தாவேஜுகளைப் புரட்டியவர்களே விஷயத்தின் உள்ளே புகுந்திருக்கிறார்கள். இதற்கு அமெரிக்க அரசியல் சாசனமே ஒரு காரணம் எனலாம். எந்த உத்தியோகத்துக்கும் மதப் பரீட்சை கூடாது என்று 1787-ல் வரைந்த மூல சாசனமும், அரசாங்கம் எந்த மதத்தையும் ஸ்தாபிக்கலாகாது, எவருடைய வழிபாட்டையும் தடுக்கலாகாது என்று 1791-ல் சேர்ந்த முதல் திருத்தமும், திருச்சபைக்கும் மத்திய ஆட்சிக்கும் இடையே நேரான பாதையை அடைத்துவிட்டன. ராஜ்ஜியங்களில் இதற்கு நாள் பிடித்தது. மாஸச்சூஸெட்ஸில் அரசாங்க ஆதரவு பெற்ற திருச்சபை முறை ஒழிந்தது 1833-ல்தான். அரசாங்கப் பணம் இல்லாததால் ஒவ்வொரு சபையும் ஜனங்களைத் தேடிப்போயே உயிர்வாழ வேண்டியிருந்தது. அதனால்தான் மதம் இங்கே இவ்வளவு வலுவோடு விளங்குகிறது என்று 1831-ல் அங்கே சுற்றிப் பார்த்த பிரெஞ்சுக்காரர் டோக்வில் வியந்தார். நேர்வழி அடைபட்ட இடத்தில் பக்கவழிகள் பெருகின என்பதை அவருக்குப் பின் வந்தவர்கள் கண்டார்கள்.

பக்கவழிகளில் மிகவும் நெரிசலானது பள்ளிக்கூடம். அதற்கு டென்னஸி ராஜ்ஜியத்து டேட்டன் என்னும் சிற்றூரில் 1925-ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில் நடந்த வழக்கைக் காட்டிலும் பிரசித்தமான சாட்சி வேறில்லை. வேதாகமத்தின் சிருஷ்டி வரலாற்றை மறுத்து, மனிதன் கீழான பிராணியிலிருந்து தோன்றியவன் என்று அரசாங்கப் பணம் பெறும் பள்ளிகளில் கற்பிக்கலாகாது என்று அவ்வாண்டு அந்த ராஜ்ஜியச் சட்டசபை விதித்தது. அச்சட்டத்தைப் பரீட்சித்துப் பார்க்க முன்வரும் ஆசிரியருக்குத் தாங்கள் வழக்கு நடத்தித் தருவதாகக் குடிமை உரிமைகள் சங்கம் ஒன்று பத்திரிகையில் அறிவித்தது. தங்கள் ஊருக்கு நாலு பேர் வந்து போகட்டும் என்று நினைத்த டேட்டன் பிரமுகர்கள் ஒரு மருந்துக் கடையில் கூடிப் பேசி, இருபத்துநாலு வயதான ஜான் ஸ்கோப்ஸ் என்ற உபாத்தியாயரைச் சம்மதிக்க வைத்தார்கள். அரசாங்கத் தரப்பில் மூன்று முறை ஜனாதிபதிப் பதவிக்குப் போட்டியிட்ட வில்லியம் ஜென்னிங்ஸ் பிரையனும், எதிர்த்தரப்பில் அக்காலத்தின் தலைசிறந்த வக்கீலான கிளாரன்ஸ் டாரோவும் வந்து சேர்ந்தபின் அது வழக்காக இல்லாமல் திருவிழாவாகிவிட்டது. கூட்டம் தாங்காமலும் வெயில் தாங்காமலும் நீதிபதி மன்றத்தை வெளியே புல்வெளிக்கு மாற்ற, அங்கே ஜூலை 20-ந் தேதி டாரோ பிரையனையே சாட்சிக் கூண்டில் ஏற்றி, யோனாவை விழுங்கிய மீனைப் பற்றியும் சிருஷ்டி நாட்களின் நீளத்தைப் பற்றியும் குறுக்கு விசாரணை செய்தார். ஸ்கோப்ஸுக்கு நூறு டாலர் அபராதம். அதை ஜூரிகள் விதிக்காமல் நீதிபதி விதித்தது முறையன்று என்று 1927-ல் மேல்மன்றம் தண்டனையைத் தள்ளிவிட்டுச் சட்டத்தை மட்டும் நிலைநிறுத்தியது. பிரையனோ டேட்டனில் தீர்ப்பு வந்த ஐந்தாம் நாளே காலமாகியிருந்தார்.

இந்தச் சம்பவத்தைப் பற்றி மூன்று தலைமுறைகளாகப் பொதுஜனங்கள் நம்பிவந்தது, அறிவு அறியாமையை வென்றது, வேதாகமத்தை எழுத்துக்கெழுத்து நம்பிய அடிப்படைவாதிகள் தோற்று, வெட்கித் தலைகுனிந்து பொதுவாழ்விலிருந்து விலகினார்கள் என்ற கதைதான். எட்வர்ட் லார்சன் 1997-ல் வெளியிட்ட ஆராய்ச்சி இந்தக் கதை எப்படி உருவாயிற்று என்பதைப் படிப்படியாகக் காட்டியது. 1931-ல் ஃபிரெடரிக் லூயிஸ் ஆலன் என்ற பத்திரிகாசிரியர் இருபதுகளைப் பற்றி எழுதிய ஜனரஞ்சகமான நூல் வழக்கை இரண்டு மனிதர்களின் மல்யுத்தமாகச் சுருக்கியது. 1955-ல் மேடையேறிய நாடகமும் 1960-ல் வந்த திரைப்படமும், கம்யூனிஸ்டு வேட்டை நடந்த மெக்கார்த்தி காலத்து அடக்குமுறையைச் சாடும் உத்தேசத்தோடு டேட்டனைக் கடன் வாங்கி, கற்பனையைச் சரித்திரமாக்கிவிட்டன. வழக்கின் மூல தஸ்தாவேஜுகளில் தெரியும் பிரையன் வேறு மனிதர். வருமான வரிக்காகவும் பெண்களின் வாக்குரிமைக்காகவும் வாதாடியவர். உலக யுத்தத்தை நோக்கி நாடு செல்வதைப் பொறாமல் 1915-ல் வெளிநாட்டு மந்திரி பதவியைத் துறந்தவர். வலியவன் வாழ்வதே இயற்கை என்ற தத்துவம் ஜெர்மானியரின் போர்வெறிக்கு ஊட்டமளித்தது என்று கருதியே டார்வினை எதிர்க்கத் தொடங்கியவர். ஸ்கோப்ஸ் கற்பித்ததாகச் சொல்லப்பட்ட பாடப்புத்தகத்திலோ, வெள்ளை இனமே மனித இனங்களில் உயர்ந்தது என்ற போதனையும், குறைபாடுள்ளோர் சந்ததி பெருகாமல் தடுக்க வேண்டும் என்ற உபதேசமும் பரிணாமத்தோடு சேர்த்தே அச்சிடப்பட்டிருந்தன. இவ்வளவையும் வைத்துக்கொண்டு டேட்டனில் வெளிச்சம் ஒரு பக்கமும் இருள் மறுபக்கமும் நின்றதாக எழுதுவது இனி இயலாது.

லார்சனுடைய நூலில் அவ்வளவாக எடுத்துப் பேசப்படாத ஒரு விஷயம் எல்லாவற்றிலும் முக்கியமானது என்பது நம் அபிப்பிராயம். டென்னஸியில் உயர்நிலைப் பள்ளிக்குப் போன மாணவர் தொகை வழக்குக்கு முந்தைய பதினைந்தாண்டுகளில் பல மடங்கு பெருகியிருந்தது. அதுவரை பட்டணத்துப் படிப்பாளிகளின் விவகாரமாக இருந்த உயிரியல் கொள்கை, அரசாங்கச் செலவில், கட்டாயமாக, குடியானவரின் பிள்ளைகள் கையிலுள்ள புத்தகத்துக்கு வந்துவிட்டது. நம் வரிப்பணத்தில் நம் குழந்தைகளுக்கு என்ன கற்பிக்கலாம் என்று தீர்மானிப்பவர் யார் என்ற வினாவைத்தான் பிரையன் கிராமந்தோறும் கேட்டார். டார்வினும் ஆதியாகமமும் அந்த வினாவுக்கு அக்காலத்தில் கிடைத்த உருவம். வழக்குக்குப்பின் அடிப்படைவாதிகள் மறைந்ததாகச் சொல்வதும் பிசகு. ஜோயல் கார்ப்பெண்டர் காட்டியபடி, முப்பதுகளில் அவர்கள் வேதாகமப் பள்ளிகளையும் பத்திரிகைகளையும் வானொலி நிகழ்ச்சிகளையும் சத்தமில்லாமல் கட்டிக்கொண்டிருந்தார்கள். பாடப்புத்தகம் வெளியிடுவோர் வியாபாரத்துக்குப் பயந்து பரிணாமத்தைச் சுருக்கிக்கொண்டார்கள். 1957-ல் ரஷ்யர்கள் ஸ்புட்னிக்கை ஏவி அமெரிக்கரைத் திடுக்கிட வைத்த பிறகே அது முழு உருவத்தோடு திரும்பியது. டென்னஸி சட்டம் நீங்கியது 1967-ல்.

ஐம்பதுகளைச் சுருக்கமாகவே சொல்லலாம். ஜனாதிபதி ஐசன்ஹோவர் பதவியேற்ற சில தினங்களில் ஞானஸ்நானம் பெற்றார். 1954-ல் கொடி வணக்க உறுதிமொழியில் கடவுளின் பெயர் சேர்ந்தது. 1956-ல் கடவுளிடத்தில் நம்பிக்கை வைப்பதே தேசத்தின் அதிகாரபூர்வமான முழக்கமாயிற்று. இதை வில் ஹெர்பர்க் 1955-ல், புராட்டஸ்டண்டும் கத்தோலிக்கரும் யூதரும் மூன்று வாசல்கள் வழியே ஒரே அமெரிக்க வாழ்க்கை முறைக்குள் நுழைவதாக வர்ணித்தார்; ராபர்ட் பெல்லா 1967-ல் இதற்குக் குடிமை மதம் என்று பெயரிட்டு, அதில் தேசத்தைக் கண்டிக்கும் ஆற்றலும் உண்டு என்று நம்பினார். கெவின் குரூஸ் 2015-ல் வேறொரு வேரைக் காட்டினார்: முப்பதுகளில் ஜனாதிபதி ரூஸ்வெல்ட்டின் பொருளாதாரத் திட்டங்களை எதிர்த்த பெருமுதலாளிகள், லாஸ் ஏஞ்சலிஸில் ஜேம்ஸ் ஃபைஃபீல்ட் போன்ற பாதிரிமாருக்குப் பணம் கொடுத்து, சுயேச்சையான தொழிலும் கிறிஸ்தவமும் ஒன்றே என்ற பிரசாரத்தை வளர்த்ததன் பலன் அது என்பது அவர் வாதம். நன்கொடைக் கடிதங்களும் கணக்குப் புத்தகங்களும் அவர் பக்கம் பேசுகின்றன. ஆனால் உறுதிமொழியில் கடவுளைச் சேர்க்கக் கோரியவர்களில் முன்நின்றவர்கள் கத்தோலிக்கச் சங்கத்தார். அவர்களில் தொழிலாளர் பலர் ரூஸ்வெல்ட்டின் ஆதரவாளர்கள். நாஸ்திகக் கம்யூனிஸத்தின்மேல் அவர்களுக்கிருந்த அச்சம் எந்த முதலாளியும் விலைக்கு வாங்கித் தந்ததன்று. காசு எங்கிருந்து வந்தது என்று காட்டிவிட்டால் கருத்து எங்கிருந்து வந்தது என்று காட்டியதாகாது. நியூயார்க் கல்வி அதிகாரிகள் இயற்றிய ஒரு சிறு ஜெபத்தைப் பள்ளிகளில் சொல்லக்கூடாது என்று சுப்ரீம் கோர்ட் 1962-ல் தீர்ப்பளித்தபோது, நாடெங்கும் எழுந்த கூச்சலுக்கிடையில், அரசாங்கம் ஜெபம் இயற்றுவதை விரும்பாத பாப்டிஸ்டுகளில் ஒரு சாரார் அதை வரவேற்றார்கள் என்பதையும் இங்கே நினைவில் வைப்பது நல்லது.

கறுப்பு மக்களின் திருச்சபையைப் பற்றிய ஆராய்ச்சியிலேதான் மதம் அரசியலாவதன் சிக்கல் முழுமையாகத் தெரிகிறது. கறுப்பினப் பேரறிஞர் டூபாய்ஸ் 1903-லேயே கண்டு சொன்னபடி, அடிமைத்தளை நீங்கிய மக்கள் தாங்களே கட்டி, தாங்களே சொந்தம் கொண்டாடி, தாங்களே தலைவரைத் தேர்ந்தெடுத்த முதல் ஸ்தாபனம் அது. வெள்ளையரிடம் சம்பளம் வாங்காத காரணத்தால் வேலை போகுமென்ற பயமில்லாதவர் பெரும்பாலும் கறுப்புப் போதகரே. நூற்றுக்கணக்கான பேர் கூடத்தக்க மண்டபமும் அவரிடமே இருந்தது. 1955 டிசம்பரில் பஸ்களில் இனப் பிரிவினையை எதிர்த்து மாண்ட்காமரி நகரத்துப் பஸ் பகிஷ்காரம் தொடங்கியபோது அதன் தலைமை இருபத்தாறு வயதான மார்ட்டின் லூதர் கிங்கிடம் வந்ததற்கு அவருடைய பேச்சு வன்மை எவ்வளவு காரணமோ, அந்த ஊருக்குப் புதியவராகையால் எந்தக் கட்சியிலும் சேராதவராக இருந்ததும் அவ்வளவு காரணம். ஆனால் திருச்சபை என்றாலே விடுதலை என்று எழுதியவர்கள் ஒரு சங்கடமான உண்மையைத் தாண்டிச் சென்றார்கள். கறுப்பு பாப்டிஸ்டுகளின் மாபெரும் தேசிய மகாசபைக்குத் தலைவராயிருந்த ஜோசப் ஜாக்ஸன் மறியலையும் சட்ட மறுப்பையும் வன்மையாக எதிர்த்தார். கிங்கின் நண்பர்கள் 1961-ல் பிரிந்து தனி மகாசபை அமைத்துக்கொண்டார்கள். ஒரே வேதாகமம், ஒரே ஞானஸ்நானம், ஒரே சங்கீதம், அரசியல் இரண்டு. மகளிர் சங்கங்களின் பதிவுகளைப் புரட்டிய ஈவ்லின் புரூக்ஸ் ஹிகின்பாதம் 1993-ல் காட்டியதைச் சேர்த்துப் பார்த்தால், பிரசங்க பீடத்தில் ஆண்கள் நின்றிருக்க, பள்ளிக்குப் பணம் திரட்டியும் மனுக்கள் எழுதியும் பல தலைமுறைகளாக அந்தச் சபையை இயக்கியவர்கள் பெண்கள் என்பது புலனாகும்.

கறுப்பரின் இந்த உரிமை இயக்கத்துக்கும் நம் தேசத்துக்கும் இருந்த தொடர்பு பலரும் அறிந்ததே. கறுப்பு இறையியலாளர் ஹோவர்ட் தர்மன் இங்கே வந்து 1936-ல் மகாத்மாவைச் சந்தித்தார். கறுப்புப் போதகர் ஜேம்ஸ் லாஸன் ஐம்பதுகளில் நாகபுரிக் கல்லூரியொன்றில் மெதடிஸ்ட் மிஷனரியாகப் பணிபுரிந்து அகிம்சையைக் கற்றுத் திரும்பி நாஷ்வில் மாணவர்களுக்குப் பயிற்சியளித்தார். கிங் 1959-ல் இந்தியா வந்து கன்னியாகுமரி வரை பயணம் செய்தார். டேவிட் ஹாலிங்கர் 2017-ல் எழுதிய நூல் இந்தப் பாதையின் மற்றொரு போக்கைக் காட்டுகிறது. ஆசியாவை மாற்றப் புறப்பட்ட மிஷனரிகளும் அவர்களுடைய பிள்ளைகளும் தாங்களே மாறித் திரும்பி, அமெரிக்கப் பல்கலைக்கழகங்களிலும் வெளிநாட்டு இலாகாவிலும் இனப் பெருமையை எதிர்த்த குரல்களாக ஆனார்கள் என்பது அதன் சாரம். 1816-ல் யாழ்ப்பாணத்திலும் 1834-ல் மதுரையிலும் வந்து அமர்ந்த அமெரிக்க மிஷனின் கடிதங்களை, அவர்கள் நமக்கு என்ன செய்தார்கள் என்று மட்டுமே பார்த்துப் பழகிய நாம், அவர்களுக்கு இங்கே என்ன நேர்ந்தது என்ற கண்ணோடு படித்துப் பார்க்க இடமிருக்கிறது.

கறுப்பரின் உரிமை இயக்கத்துக்கு எதிர்த்தரப்பில் நின்ற வெள்ளையர் சபைகளைப் பற்றிய சர்ச்சை இன்னும் ஓயவில்லை. தெற்கத்திய பாப்டிஸ்டு மகாசபை 1954-ல், பள்ளிகளில் இனப் பிரிவினை செல்லாது என்ற சுப்ரீம் கோர்ட் தீர்ப்பை ஆதரித்துத் தீர்மானம் செய்தது. இதையும் இதுபோன்றவற்றையும் ஆதாரமாகக் கொண்டு டேவிட் சேப்பல் 2004-ல், பிரிவினைவாதிகளுக்கு மதத்தின் முழு ஆசி கிடைக்கவில்லை, அதனாலேயே அவர்கள் தோற்றார்கள் என்று வாதித்தார். அதே ஆண்டில் ஜேன் டெய்லி, கலப்பு மணத்தைத் தெய்வக் குற்றமாகப் போதித்த சாதாரணப் பிரசங்கங்களையும் வாசகர் கடிதங்களையும் எடுத்துக்காட்டி, பிரிவினைக்குத் தனியொரு இறையியலே இருந்தது என்றார். மகாசபைத் தீர்மானங்களைப் படித்தவருக்கு ஒரு தெற்கும், ஊர்ச் சபைகளின் வாசலில் நின்றவருக்கு மற்றொரு தெற்கும் தென்பட்டன. டெய்லியின் பக்கமே நமக்கு வலுவாகத் தோன்றுகிறது; 1963 செப்டம்பரில் பர்மிங்ஹாம் பதினாறாவது தெருக் கோயிலில் வெடித்த குண்டுக்கு நாலு சிறுமியர் பலியான தேசத்தில், தீர்மானங்களின் கனம் எவ்வளவு என்பது யோசிக்கத்தக்கது.

இனி, அண்மைக் காலச் சரித்திரத்தில் மிகவும் சூடான வினாவுக்கு வருவோம். 1979-ல் ஜெர்ரி ஃபால்வெல் என்ற வர்ஜீனியா போதகர் மாரல் மெஜாரிட்டி என்னும் ஸ்தாபனத்தைத் தொடங்கியதும், மறுபிறப்படைந்த கிறிஸ்தவர் என்று தம்மைச் சொல்லிக்கொண்ட ஜனாதிபதி கார்ட்டரைக் கைவிட்டு அடுத்த ஆண்டே சுவிசேஷ சபையார் திரளாக ரீகனை ஆதரித்ததும் ஏன்? போதகர்கள் ஊர்வலம் போவது தகாது என்று 1965-ல் பிரசங்கம் செய்தவர் அதே ஃபால்வெல்தான். 1973-ல் கருக்கலைப்பை அனுமதித்த சுப்ரீம் கோர்ட் தீர்ப்பே அவர்களைத் தட்டி எழுப்பியது என்பது அவர்களே சொல்லிக்கொள்ளும் வரலாறு. ராண்டல் பால்மர் இதைக் கட்டுக்கதை என்கிறார். தெற்கத்திய பாப்டிஸ்டுகள் 1971-ல், கடுமையான சில சந்தர்ப்பங்களில் கருக்கலைப்பைச் சட்டம் அனுமதிக்கலாம் என்று தீர்மானித்தவர்கள். தீர்ப்பு வந்து ஆறாண்டுகள் அவர்களில் பெரும்பாலோர் அசையவில்லை. அவர்களை அசைத்தது வரி. கறுப்பரைச் சேர்க்காத தனியார் பள்ளிகளுக்கு வருமான வரிச் சலுகை இல்லை என்று எழுபதுகளின் தொடக்கத்தில் முடிவாகி, மாணவரிடையே இனக்கலப்புக் காதலைத் தடைசெய்திருந்த பாப் ஜோன்ஸ் பல்கலைக்கழகம் 1976-ல் சலுகையை இழந்தது. 1978-ல் வரி இலாகா விதிகளை மேலும் இறுக்க முனைந்தபோது லட்சத்துக்கு மேற்பட்ட ஆட்சேபக் கடிதங்கள் வந்து குவிந்தன. பாப் ஜோன்ஸ் சலுகையை இழந்தபோது ஜனாதிபதியாயிருந்தவர் ஃபோர்டு. பழியைச் சுமந்தவர் கார்ட்டர்.

பால்மரின் வாதம் கூர்மையானது. ஆனால் கூர்மை காரணமாகவே அது ஒரு பெரிய பகுதியை வெட்டித் தள்ளிவிடுகிறது. டேனியல் வில்லியம்ஸ் 2016-ல் எழுதிய சரித்திரம், கருக்கலைப்பு எதிர்ப்பு 1973-க்கு முன்னரே கத்தோலிக்கரிடையே உயிர்ப்போடு இருந்ததையும், அதை நடத்தியவர்களில் பலர் ஏழைகளுக்கு அரசாங்கம் உதவ வேண்டும் என்ற ரூஸ்வெல்ட் மரபில் வளர்ந்தவர்கள் என்பதையும் நிரூபித்தது. பாப்டிஸ்டுகளின் மௌனம் நாட்டின் மௌனமாகாது. ஆண் பெண் சம உரிமைக்கான சாசனத் திருத்தத்தை எதிர்த்து ஃபிலிஸ் ஷ்லாஃப்ளி திரட்டிய குடும்பப் பெண்களின் சேனையிலே கத்தோலிக்கரும் மார்மன்களும் சுவிசேஷ சபையாரும் முதன்முறையாக அருகருகே நின்றார்கள். அவர்களுக்கு வரிச் சலுகை ஒரு பொருட்டன்று. நாம் அறிந்தவரை, வரி வழக்கு பள்ளிகளை நடத்திய போதகர்களை ஒன்றுதிரட்டியது என்பதும், சபையிலிருந்த சாதாரண ஜனங்களை ஆண்டுக்கணக்கில் அதில் நிலைநிறுத்தியது கருவிலுள்ள சிசுவைப் பற்றிய உணர்ச்சி என்பதும் ஒன்றுக்கொன்று முரணானவை அல்ல. இரண்டுக்கும் இடையே நின்றது மீண்டும் பள்ளிக்கூடம்தான். இனப் பிரிவினை நீங்கிய அரசாங்கப் பள்ளியையும், ஜெபம் நீங்கிய அதே பள்ளியையும், பரிணாமமும் பாலியல் கல்வியும் புகுந்த அதே பள்ளியையும் விட்டு விலகிய பெற்றோர் தங்களுக்கென்று கட்டிக்கொண்ட கிறிஸ்தவப் பள்ளிகளில், இந்தக் காரணங்களை ஒவ்வொன்றாகப் பிரித்தெடுத்து எடைபோடுவது பெற்றோருக்கே இயலாத காரியமாக இருந்திருக்கும். டேரன் டோச்சுக், எண்ணெய்க் கிணறுகளையும் விமானத் தொழிற்சாலைகளையும் நாடித் தெற்கிலிருந்து கலிஃபோர்னியாவுக்குப் பெயர்ந்த குடும்பங்களைப் பின்தொடர்ந்து, இந்த அரசியல் நாற்பதுகளிலேயே அங்கே முளைவிட்டதைக் காட்டியிருக்கிறார். எழுபதுகளில் திடீரென்று எழுந்தது என்று நினைத்ததெல்லாம், பார்க்கத் தொடங்கிய காலத்தையே தோன்றிய காலமாக எண்ணியதன் விளைவு.

இதற்கிடையில் சபைகளின் எல்லைக்கோடுகளே இடம் மாறிவிட்டன. கத்தோலிக்கர் ஒருவர் ஜனாதிபதியானால் ரோமாபுரி ஆளும் என்ற பயத்தைப் போக்க, 1960 செப்டம்பரில் ஹூஸ்டன் நகரத்துப் புராட்டஸ்டண்ட் போதகர்களுக்கு முன் நின்று கென்னடி விளக்கம் கூற வேண்டியிருந்தது. 1994-ல் சுவிசேஷ சபைத் தலைவர்களும் கத்தோலிக்கரும் கூட்டாக ஓர் அறிக்கையில் கையெழுத்திட்டார்கள். பாப்டிஸ்டா, மெதடிஸ்டா, கத்தோலிக்கரா என்ற பிரிவு தளர்ந்து, ஒவ்வொரு சபைக்குள்ளும் பழமைவாதி, தாராளவாதி என்ற பிளவு ஓங்கியதை ராபர்ட் வுத்னோ 1988-லேயே எடுத்துக்காட்டினார். மூன்றாண்டு கழித்து ஜேம்ஸ் ஹண்டர் இதற்குக் கலாசார யுத்தம் என்று பெயர் வைக்க, அரசியல்வாதிகள் அப்பெயரைப் பிடித்துக்கொண்டார்கள். வர்ணனையாகப் பிறந்த பெயர் போர்முரசாகிவிட்டது.

யுத்தம் என்ற அந்தப் பெயருக்குள் அடங்காத மதமே நாட்டில் அதிகம் என்பதை நினைவூட்டியவர் ராபர்ட் ஓர்ஸி. கிழக்கு ஹார்லெமில் நூற்றுப் பதினைந்தாம் தெருவில் இத்தாலியக் குடியேறிகள் கார்மேல் மாதாவுக்கு ஆண்டுதோறும் ஜூலையில் எடுத்த விழாவைப் பற்றி அவர் 1985-ல் எழுதிய நூலில் தேர்தல் ஏறக்குறைய இல்லை. வெறுங்காலோடு நடந்த தாய்மார்களும், அவர்களைக் கண்டு நாணிய ஐரிஷ் பாதிரிமாரும், குடும்பத்தின் அன்பும் அடக்குமுறையும் இருக்கின்றன. ஆயினும் யார் அமெரிக்கர் என்ற அரசியல் வினா அந்த ஊர்வலத்தில் ஒவ்வோராண்டும் தெருவுக்கு வந்தது.

அந்த வினா 1965-க்குப் பின் இன்னும் விரிந்தது. தேசிய இன அளவுப்படி குடியேற்றத்தைக் கட்டுப்படுத்திய பழைய முறையை அவ்வாண்டுச் சட்டம் நீக்கவே, ஆசியாவிலிருந்து இந்துக்களும் முஸ்லிம்களும் பௌத்தரும் வந்தார்கள். தொகையில் அவர்களை மிஞ்சி, மெக்ஸிகோவிலிருந்தும் கொரியாவிலிருந்தும் கிறிஸ்தவர்கள் வந்தார்கள் என்பதைப் பன்மையைப் பாடுகிற நூல்கள் சில மறந்துவிடுகின்றன. நியூயார்க்கின் ஃப்ளஷிங் பகுதியில் 1977 ஜூலை 4-ந் தேதி கும்பாபிஷேகம் கண்ட மகாவல்லப கணபதி தேவஸ்தானம் பௌன் தெருவில் இருக்கிறது. குவேக்கர் என்ற சமயப் பிரிவினரைத் தம் வீட்டில் கூட அனுமதித்த குற்றத்துக்காக 1662-ல், அப்போது அங்கே ஆண்ட டச்சு அதிகாரிகளால் சிறையிலிடப்பட்ட ஜான் பௌனின் பெயர் அத்தெருவுக்கு. இந்தப் பொருத்தத்தைச் சொல்லி மகிழ்வதோடு பலர் நின்றுவிடுகிறார்கள். அமெரிக்கச் சட்டப்படி பதிவு பெற்ற மத ஸ்தாபனமாக, தர்மகர்த்தாக் குழுவோடும் சட்ட விதிகளோடும் நன்கொடைக் கணக்கோடும், வார இறுதி வகுப்புகளோடும் உணவுக் கூடத்தோடும், ஒரு கோயில் அங்கே புராட்டஸ்டண்ட் சபையின் அங்கலட்சணங்களைப் பெறுவது எப்படி என்பது அதைவிட ஆழமான வினா. ஆகமம் அறிந்த அர்ச்சகரும் வரிச் சட்டம் அறிந்த கணக்கரும் ஒருங்கே வேண்டியிருக்கிற அந்த இடத்தில், மதத்தை அரசாங்கம் தொடாமலே எப்படி வார்க்கிறது என்பதை நேரில் காணலாம்.

கடைசியாக, ஆராய்ச்சியாளரின் எண்ணத்தையே திருப்பிப்போட்ட ஒரு கண்டுபிடிப்பு. தமக்கு எந்த மதமும் இல்லை என்று சொல்லும் அமெரிக்கர் தொகை 1991-ல் நூற்றுக்கு 7 ஆக இருந்து 1998-ல் 14 ஆயிற்று. மைக்கேல் ஹௌட், கிளாட் ஃபிஷர் என்ற இரு சமூக சாஸ்திரிகள் 2002-ல் இப்புள்ளிகளை ஆராய்ந்து, இவர்களில் பெரும்பாலோர் கடவுள் நம்பிக்கையை விட்டுவிடவில்லை என்றும், மதம் என்றாலே பழமைவாத அரசியல் என்று ஆகிவிட்டதால் நடுநிலையாளரும் தாராளவாதிகளும் அந்தப் பெயரை உதறுகிறார்கள் என்றும் கூறினார்கள். அதன்பின்னும் பல ஆண்டுகள் பெருக்கம் நிற்கவில்லை. சபை உறுப்பினர் என்று சொல்லிக்கொள்வோர் 2020-ல் நூற்றுக்கு 47 ஆகக் குறைந்து, காலப் நிறுவனத்தின் கணிப்புகளில் முதன்முறையாகப் பாதிக்குக் கீழே போனார்கள். மிஷேல் மார்கோலிஸ் 2018-ல் ஹௌட், ஃபிஷர் வாதத்தை மேலும் நீட்டி, இளமையில் கட்சியைத் தேர்ந்துகொண்டவர்கள் பிள்ளை பெற்றுக் குடும்பம் நடத்தும் வயதில் அக்கட்சிக்கேற்பக் கோயிலுக்குத் திரும்புகிறார்கள் அல்லது திரும்பாமலிருக்கிறார்கள் என்று காட்டினார். மதம் வாக்கைத் தீர்மானிக்கிறது என்று அரை நூற்றாண்டாகப் போட்டுவந்த அம்புக்குறியை மறுபக்கமும் போடவேண்டியதாயிற்று. 2016-க்கும் 2020-க்கும் இடையில் ட்ரம்பை ஆதரித்த வெள்ளையரில் சிலர் புதிதாகத் தங்களைச் சுவிசேஷக் கிறிஸ்தவர் என்று குறிப்பிடத் தொடங்கியதை பியூ நிறுவனத்தின் ஆய்வு கண்டது. ஆகவே இந்த ஆண்டுகளின் கணிப்பு அட்டவணைகளைப் பிற்காலத்தில் ஆதாரமாக எடுத்துக்கொள்பவர், அதில் சுவிசேஷ சபையார் என்று எழுதப்பட்டவர் ஒவ்வொருவரும் ஞாயிறுதோறும் எந்தக் கோயிலுக்குப் போனார், அந்தக் கோயிலின் பதிவேட்டில் அவர் பெயர் இருக்கிறதா என்று தனியே விசாரிக்க வேண்டியிருக்கும். அப்பதிவேடுகளோ ஊர்ச் சபைகளின் அலமாரிகளில் கிடக்கின்றன, மூடப்படும் கோயில்களோடு அவற்றில் பல இப்போதே குப்பைக்குப் போய்க்கொண்டிருக்கின்றன.